பன்னிரண்டு இரவுகள், இரண்டு தட்டுகள்: நம்ம கோயில் டிவிடியின் வரலாறு



போன வெள்ளிக்கிழமை அன்னதானம் முடிந்து நாங்கள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா வந்து கேட்டாங்க: "தம்பிங்களா, ஓதுவார் ஐயா பெரியபுராணம் சொன்ன டிவிடி வீட்டுல இருக்கு. அது ஏன் ரெண்டு தட்டா இருக்கு? ஒரே தட்டுல போட்டிருக்கக் கூடாதா?"

"இடம் பத்தலம்மா" என்று சொல்லிவிட்டோம். அது பாதி பதில்தான். மீதிப் பதிலைச் சொல்ல வேண்டுமென்றால் இருபத்தைந்து வருடக் கதையைச் சொல்லணும். வீடியோ டேப் எப்படி வந்தது, விசிடி எப்படி வந்தது, டிவிடி எப்படி வந்தது, நடுவில் நாங்கள் என்ன தவறு செய்தோம், எதை இழக்கப் பார்த்தோம் என்பதெல்லாம் அதில் வரும். கோயில் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளையவங்களுக்கும் உதவும் என்று இங்கே எழுதி வைக்கிறோம். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

1998-ஆம் ஆண்டு. நம்ம கோயில் மண்டபத்துக்கு அப்போது தகரக் கூரை. ஓதுவார் ஐயா பன்னிரண்டு இரவு தொடர்ந்து பெரியபுராணம் சொன்னார். சாயரட்சை பூஜை முடிந்ததும் ஆரம்பித்து, ஓர் இரவுக்கு ஐம்பத்தைந்து நிமிடம். முதலில் ஒரு பதிகம் பாடுவார், பிறகு கதை, கடைசியில் கற்பூர ஆரத்தி. மழை பெய்தால் தகரத்துச் சத்தத்தில் ஐயா குரலை உயர்த்திப் பேசுவார். எங்களில் ஒருத்தர் கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுப்பவரிடம் உதவியாளாக இருந்தார். அவர் முதலாளியிடம் கேமராவை இரவல் வாங்கி வந்து பன்னிரண்டு நாளும் எடுத்தார். பன்னிரண்டு விஎச்எஸ் கேசட். ஐயா பேசியதற்கு நம்மிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

விஎச்எஸ் என்பது ஜப்பானின் ஜேவிசி நிறுவனம் 1976-இல் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய வருடம் சோனி தன் பீட்டாமேக்ஸைக் கொண்டுவந்திருந்தது. இரண்டுக்கும் நடந்த போட்டியில் ஜெயித்தது விஎச்எஸ். நம்ம வீடுகளில் எல்லாம் டிவிக்குக் கீழே உட்கார்ந்திருந்தது அந்தப் பெட்டிதான். அரை அங்குல அகல நாடா. அதில் காந்தத் துகளாகப் படமும் ஒலியும் பதிவாகும். இதில் ஒரு குறை உண்டு. ஒரு கேசட்டைப் பார்த்து இன்னொரு கேசட் எடுத்தால் படம் கொஞ்சம் மங்கும். அதைப் பார்த்து மூன்றாவது எடுத்தால் இன்னும் மங்கும். நான்காவது எடுத்தால் நிறம் வழிந்து, கோடு கோடாக ஓடும்.

நம்ம ஊர் ஈரம் வேறு. அலமாரியில் வைத்த கேசட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். அதை அப்படியே டெக்கில் போட்டால் டெக்கின் தலையும் கெடும், நாடாவும் கிழியும். 2001-இல் பார்த்தபோது எங்கள் பன்னிரண்டில் மூன்று கேசட்டில் பூஞ்சை ஆரம்பித்திருந்தது. இனி வைத்திருந்தால் போய்விடும் என்று பயந்துதான் எல்லாவற்றையும் விசிடியாக மாற்றினோம்.

விசிடியின் கதை சுவையானது. 1988-இல் உலக அளவில் வல்லுநர்கள் கூடி எம்பெக் என்ற குழுவை அமைத்தாங்க. லெயோனார்டோ கியாரிலியோனே என்ற இத்தாலியரும் ஹிரோஷி யசுதா என்ற ஜப்பானியரும் அதற்கு அடித்தளம் போட்டவர்கள். அவங்களுக்கு இருந்த கேள்வி ஒன்றுதான்: பாட்டு கேட்கிற சிடி 1982-இலேயே வந்துவிட்டது, அதே சிடியில், அதே வேகத்தில் சுற்றவிட்டு, படத்தையும் ஓட்ட முடியுமா?

சுருக்காமல் விட்டால் முடியாது. டிவி படம் அவ்வளவு பெரிசு. எனவே சுருக்க வேண்டும். அந்தச் சுருக்கத்துக்கு அடிப்படையான கணக்கை உருவாக்கியவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. அமெரிக்காவில் பேராசிரியராக இருந்தபோது, 1972-இல் இந்த ஆராய்ச்சிக்கு அந்நாட்டு தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். கிடைக்கவில்லை. யோசனை ரொம்ப எளிமையாக இருக்கிறதென்று மறுத்துவிட்டாங்களாம். அவர் விடவில்லை. தன்னிடம் படித்த டி. நடராஜன், பேராசிரியர் கே. ஆர். ராவ் இருவரோடும் சேர்ந்து 1974-இல் கட்டுரையாக வெளியிட்டார். இன்றைக்கு நம்ம கைத்தொலைபேசியில் எடுக்கும் ஜேபெக் படம், விசிடி, டிவிடி எல்லாவற்றிலும் அந்தக் கணக்குதான் ஓடுகிறது. கூத்தப்பெருமான் பெயர் கொண்ட ஒருத்தரும் அந்தக் கட்டுரையில் இருக்கிறார் என்று தெரிந்தபோது எங்களுக்கு ஒரு தனி சந்தோஷம்.

அந்தக் கணக்கு என்ன செய்கிறது? படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிச் சதுரங்களாகப் பிரிக்கும். ஒவ்வொரு சதுரத்திலும் எது பெரிய மாற்றம், எது நுணுக்கமான மாற்றம் என்று பிரித்துக் காட்டும். கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத நுணுக்கத்தை அடுத்த படியில் குறைத்து எழுதிவிடலாம். அங்கேதான் சுருங்குகிறது. குறைத்து எழுதியது குறைத்ததுதான். திரும்ப வராது. இந்த ஒரு வரியை மனசில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இன்னொரு தந்திரமும் உண்டு. நம்ம உற்சவர் புறப்பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். புறப்படும்போது ஒருமுறை முழு அலங்காரத்தையும் பார்க்கிறோம். பிறகு வீதியில் நகரும்போது அலங்காரம் அதேதான், சுவாமி இருக்கும் இடம்தான் மாறுகிறது. எம்பெக்கும் அப்படித்தான். ஒரு படத்தை முழுசாக எழுதும். அடுத்தடுத்த படங்களில் "எது நகர்ந்தது" என்பதை மட்டும் எழுதும். நம்ம பக்கத்து பால் முறையில் வினாடிக்கு 25 படம். பெரும்பாலும் பன்னிரண்டு படத்துக்கு ஒருமுறை, அதாவது ஏறக்குறைய அரை வினாடிக்கு ஒருமுறை, முழுப்படம் வரும்.

1993-இல் பிலிப்ஸ், சோனி, ஜேவிசி, மட்சுஷிதா நிறுவனங்கள் சேர்ந்து விசிடிக்கு விதி எழுதினாங்க. அளவு 352-க்கு 288 புள்ளி. படத்துக்கு வினாடிக்கு 1150 கிலோபிட். ஒலிக்கு 224. ஒலியின் மாதிரி வேகம் வினாடிக்கு 44,100. 74 நிமிடப் பாட்டு சிடியில் 74 நிமிடப் படம். அமெரிக்காவில் இதை யாரும் பெரிசாகக் கண்டுகொள்ளவில்லை. சீனா, ஹாங்காங், நம்ம நாடு, இந்தியா என்று ஆசியாவில்தான் விசிடி கொடிகட்டிப் பறந்தது. பாசார் மாலாமில் பாய் விரித்து விற்றதை நாற்பது வயசுக்கு மேல் உள்ளவங்க மறந்திருக்க மாட்டீங்க.

அவ்வளவு படத்தை சிடிக்குள் நுழைக்க இன்னொன்றும் செய்தாங்க. கணினித் தகவல் எழுதும் சிடியில் ஒரு கட்டத்துக்கு 2048 பைட்தான் நம்ம தகவல். கூடவே, கீறல் விழுந்தால் சரிசெய்துகொள்ளக் கூடுதல் திருத்தக் குறியீடு இருக்கும். விசிடியில் அந்தக் கூடுதல் குறியீட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்திலும் படத்தை எழுதினாங்க. கட்டத்துக்கு 2324 பைட். அதனால்தான் 650 மெகாபைட் சிடியில் அதைவிட அதிகமாகவே விசிடி பிடிக்கும். அதனால்தான் கொஞ்சம் கீறல் விழுந்தாலும் படத்தில் சதுரம் சதுரமாகத் தெறிக்கும். காப்பு கழற்றிவிட்டு ஓடுகிற வண்டி மாதிரி.

ஆக 2001-இல் எங்களிடம் பன்னிரண்டு இரவும் பன்னிரண்டு விசிடியில் இருந்தது. கோயில் கணினியில் பிரதி எடுத்து, ஒன்று ஐந்து வெள்ளி என்று திருப்பணி நிதிக்காக விற்றோம். எத்தனை பேர் வாங்கினாங்க என்று கணக்கு எழுதி வைக்கவில்லை. அந்த அலட்சியம் பின்னால் எங்களைச் சுட்டது. அதுவே பின்னால் எங்களைக் காப்பாற்றவும் செய்தது.

2004-இல் ஓதுவார் ஐயா சிவபதம் அடைந்தார்.

2007-இல் மகா கும்பாபிஷேகம் வந்தது. நிர்வாகத்தில் ஒரு நல்ல யோசனை சொன்னாங்க: ஐயாவின் பன்னிரண்டு இரவையும் டிவிடியாகப் போட்டு உபயக்காரர்களுக்கு நினைவுப் பரிசாகக் கொடுப்போம். ஒரே தட்டு, அழகான உறை, அட்டையில் ஐயா படம். எல்லாருக்கும் பிடித்திருந்தது. நாங்களும் கைதட்டினோம்.

டிவிடி என்ன என்பதையும் சொல்லிவிடுகிறோம். 1990-களின் நடுவில் சோனியும் பிலிப்ஸும் ஒரு பக்கம், தோஷிபா கூட்டணி இன்னொரு பக்கம் என்று இரண்டு தட்டு தயாரித்துக்கொண்டிருந்தாங்க. விஎச்எஸ்-பீட்டாமேக்ஸ் சண்டை திரும்ப வரக்கூடாது என்று கணினி நிறுவனங்கள் அழுத்தம் கொடுத்து 1995-இல் ஒரே முறைக்கு ஒத்துக்கொள்ள வைத்தன. 1996 நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அளவு அதே 12 சென்டிமீட்டர். ஆனால் சிடியின் லேசரைவிட நுண்ணிய சிவப்பு லேசர். சிடியில் தடத்துக்கும் தடத்துக்கும் 1.6 மைக்ரான் இடைவெளி என்றால் டிவிடியில் 0.74. நெருக்கமாக உழுத வயல் மாதிரி. ஒரே அடுக்கில் 4.7 ஜிகாபைட் பிடிக்கும். கணினியில் பார்த்தால் 4.38 என்று காட்டும். அது ஏமாற்று இல்லை. கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறான், கணினி 1024 1024-ஆக எண்ணுகிறது.

வேலையை ஒரு கடையில் கொடுத்தோம். பெயர் வேண்டாம். அவர்மேல் தப்பும் இல்லை. பதினொரு மணி நேரம் ஓடும் படத்தை ஒரே தட்டில் போட்டுக் கொடுங்க என்று கேட்டது நாங்கள். அவர் விசிடி எல்லாவற்றையும் மென்பொருளில் ஏற்றினார். அது ஒவ்வொரு படத்தையும் அவிழ்த்து, டிவிடியின் முழு அளவான 720-க்கு 576 புள்ளிக்குப் பெரிதாக்கி, திரும்பப் புதிதாகச் சுருக்கி, "தட்டில் அடங்கும்படி" எழுதிக் கொடுத்தது. கும்பாபிஷேகத்தன்று இருநூறு தட்டு கொடுத்தோம்.

மறுவாரம் ஐயாவின் துணைவியார் கோயிலுக்கு வந்தாங்க. திட்டவில்லை. மெதுவாகச் சொன்னாங்க: "குரல் அவருதான்ப்பா. முகம்தான் தெரியல."

வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பார்த்தோம். உண்மைதான். ஐயா தலையை ஆட்டினால் முகம் கட்டம் கட்டமாக உடைகிறது. கற்பூர ஆரத்தி வரும்போது திரை முழுக்கச் சதுரம். சுடர் இருந்த இடத்தில் ஒரு மஞ்சள் திட்டு. விசிடியில் தெரிந்த நெற்றி விபூதிக் கோடுகூட டிவிடியில் கரைந்து போயிருந்தது.

புதுசு பழசைவிட மோசமாக எப்படி இருக்கும்? இதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு ஆறு மாசம் ஆனது. இப்போது கணக்காகச் சொல்கிறோம், யாரும் போட்டுப் பார்க்கலாம்.

நிமிடத்தை கிலோபிட்டால் பெருக்கி, 0.0075-ஆல் பெருக்கினால் எத்தனை மெகாபைட் என்று வரும். அவ்வளவுதான் சூத்திரம்.

பன்னிரண்டு இரவு, ஒன்று 55 நிமிடம், மொத்தம் 660 நிமிடம். ஒரு தட்டில் 4700 மெகாபைட். 660 நிமிடத்தை அதில் அடக்கினால் வினாடிக்கு ஏறக்குறைய 949 கிலோபிட்தான் கிடைக்கும். ஒலிக்கு 224 போனால் படத்துக்கு மிச்சம் 725. விசிடியிலோ படத்துக்கு 1150 இருந்தது. அதோடு முடியவில்லை. விசிடி படத்தில் புள்ளிகள் ஒரு லட்சத்துச் சொச்சம். பெரிதாக்கிய படத்தில் நாலு லட்சத்துக்கு மேல். நாலு மடங்கு புள்ளிக்கு, முன்பு இருந்ததில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லாத தகவல். பத்து பேருக்குச் சமைத்த சாம்பாரில் பாதியைக் கொட்டிவிட்டு, மிச்சத்தில் தண்ணீர் விட்டு நாற்பது பேருக்கு ஊற்றிய கதை. நாற்பது பேரும் சாப்பிட்டாங்க, யாருக்கும் ருசி தெரியவில்லை.

போதாததற்கு, முன்பே சொன்னோமே, சுருக்கும்போது போனது திரும்ப வராது என்று. முதலில் விஎச்எஸ்ஸிலிருந்து விசிடி ஆக்கும்போது ஒருமுறை நுணுக்கம் போனது. டிவிடி ஆக்கும்போது இரண்டாவது முறை. புதிய சுருக்கம் பழைய சுருக்கத்தின் பிழைகளையும் "இதுவும் படம்தான்" என்று நினைத்து, அதை எழுதவும் இடத்தைச் செலவழித்தது.

அப்போதுதான் எங்களில் கணினி வேலை பார்க்கும் தம்பி ஒருத்தர் டிவிடி விதிகளைத் தேடிப் படித்தார். அதில் ஒரு வரி இருந்தது. டிவிடி என்றால் எம்பெக்-2 மட்டும்தான் என்று எல்லாரும் நினைக்கிறோம். இல்லை. எம்பெக்-1 படத்தையும், அதுவும் விசிடியின் அதே 352-க்கு 288 அளவில், டிவிடி ஏற்றுக்கொள்ளும். வினாடிக்கு 1856 கிலோபிட் வரைக்கும் போகலாம். நம்மது 1150 தானே.

அதாவது விசிடியில் இருக்கும் படத்தை அவிழ்க்கவே வேண்டாம். பெரிதாக்க வேண்டாம். திரும்பச் சுருக்க வேண்டாம். ஒரு பாத்திரத்திலிருந்து எடுத்து இன்னொரு பாத்திரத்தில் வைப்பது மாதிரி அப்படியே எடுத்து டிவிடியில் வைக்கலாம். ஒரு புள்ளிகூட மாறாது. அதைக் கேட்டதும் எங்களுக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்ல முடியாது.

ஒலியில் மட்டும் ஒரு முடிச்சு. விசிடி ஒலி வினாடிக்கு 44,100 மாதிரி. டிவிடியோ 48,000 தான் வேண்டும் என்கிறது. இந்த 44,100 எங்கிருந்து வந்தது தெரியுமா? சிடி வருவதற்கு முன் டிஜிட்டல் ஒலியை வீடியோ டேப்பில்தான் பதிவு செய்தாங்க. பால் முறையில் வினாடிக்கு 50 புலம், ஒரு புலத்தில் 294 கோடு, ஒரு கோட்டுக்கு 3 மாதிரி. பெருக்கிப் பாருங்கள், 44,100. கேசட்டின் எண் சிடிக்குப் போய், சிடியிலிருந்து விசிடிக்கு வந்திருக்கிறது. அதை 48,000 ஆக்க, ஒவ்வொரு 147 மாதிரிக்கும் 160 கணக்கிட்டுப் போட வேண்டும். ஆக ஒலியை மட்டும் ஒரே ஒரு முறை அவிழ்த்து, மாற்றி, அதே 224-இல் திரும்பக் கட்டினோம். ஐயாவின் கைத்தாளச் சத்தம் கெடுகிறதா என்று காதில் ஹெட்போன் வைத்து மாற்றி மாற்றிக் கேட்டோம். கெடவில்லை.

இப்போது அதே சூத்திரத்தைப் போடுங்கள். படம், ஒலி, கட்டுமானச் செலவு எல்லாம் சேர்த்து வினாடிக்கு சுமார் 1400 கிலோபிட். ஒரு நிமிடத்துக்கு 10.5 மெகாபைட். ஒரு தட்டில் 447 நிமிடம், ஏழரை மணி நேரத்துக்குப் பக்கம். நமக்கு வேண்டியதோ 660 நிமிடம், 6930 மெகாபைட். ஒரே தட்டில் அடங்காது.

இரண்டு அடுக்குத் தட்டு இருக்கிறதே, 8.5 ஜிகாபைட் பிடிக்குமே என்று கேட்பீங்க. நாங்களும் யோசித்தோம். ஆனால் வீட்டில் எழுதிய இரண்டு அடுக்குத் தட்டைப் பழைய பிளேயர் பல நேரம் படிக்காது, பாதியில் நிற்கும். ஐயாவைப் பார்க்க ஆசைப்படுகிறவங்க வீட்டில் இருப்பது பழைய பிளேயர்தான். அதனால் சாதாரணத் தட்டு இரண்டு. ஒன்றில் ஆறு இரவு, 3465 மெகாபைட். இடம் மிச்சம் இருந்தாலும் தொடவில்லை.

அம்மா, நீங்க கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். ஒரே தட்டில் போட்டிருக்கலாம். ஒருமுறை போட்டும் பார்த்தோம். ஐயா முகம் போச்சு.

ஆனால் கதை இங்கே முடியவில்லை. வேலையை ஆரம்பித்தபோது ஏழாவது இரவின் விசிடி படிக்கவில்லை. கடைக்கும் கோயிலுக்கும் போய் வந்ததில் நடுவில் ஒரு நீளக் கீறல். விசிடிக்குக் கூடுதல் திருத்தக் குறியீடு இல்லை என்று சொன்னோமே, அதன் பலனை அன்றைக்கு அனுபவித்தோம். இருபது நிமிடத்துக்கு மேல் ஒன்றும் வரவில்லை. மூலக் கேசட்டைத் தேடினால், பூஞ்சை பிடித்த மூன்றில் அதுவும் ஒன்று, நாடா ஒட்டிக்கொண்டுவிட்டது. ஏழாவது இரவு எது தெரியுமா? கண்ணப்ப நாயனார். ஐயா அன்றைக்குக் கதை சொல்லிக்கொண்டே வந்து, இரண்டாவது கண்ணைத் தோண்டப் போகும் இடத்தில் குரல் அடைத்து, ஒரு நிமிடம் பேசாமல் நின்றார். மண்டபமே அசையவில்லை. அன்று இருந்தவங்களுக்குத் தெரியும்.

கடைக்காரர் போட்ட டிவிடியில் ஏழாவது இரவு இருந்தது. ஆனால் அது உடைந்த முகம். அதிலிருந்து நல்ல படத்தை மீட்க முடியுமா என்று பலரிடம் கேட்டோம். முடியாது. அரைத்த மாவிலிருந்து அரிசியை எடுக்க முடியாது.

மூன்று வாரம் பூஜை முடிந்ததும் ஒலிபெருக்கியில் அறிவித்தோம்: 2001-இல் விசிடி வாங்கினவங்க யாராவது ஏழாம் நம்பர் வைத்திருக்கீங்களா? மூன்றாவது வாரம், தோட்டத்திலிருந்து மாறி வந்து நம்ம தாமானில் மகளோடு இருக்கும் ஒரு பாட்டி, பிளாஸ்டிக் பையில் சுற்றி, நடுவில் துணி வைத்து எடுத்து வந்தாங்க. சாமி மாடத்தில் வைத்திருந்தாங்களாம். வீட்டில் பிளேயர் கெட்டுப்போய் ஐந்து வருடம் ஆச்சு, ஆனாலும் தூக்கிப் போட மனசில்லை என்றாங்க. உறையில் விபூதி ஒட்டியிருந்தது.

போட்டோம். முதல் நொடியிலிருந்து கடைசி ஆரத்தி வரை படித்தது.

பாட்டி கொண்டுவந்தது பிரதிதானே என்று நினைக்காதீங்க. கேசட்டுக்குப் பிரதி எடுத்தால் மங்கும். விசிடியை விசிடியாகப் பிரதி எடுத்தபோது நாங்கள் எதையும் திரும்பச் சுருக்கவில்லை. எண்ணுக்கு எண் அப்படியே போனது. ஆக பாட்டியின் சாமி மாடத்தில் இருந்தது பிரதி அல்ல, மூலமேதான். எங்கள் கையில் உடைந்தது அவங்க வீட்டில் முழுசாக இருந்தது.

மூவர் தேவாரத்தைத் தேடி ராஜராஜ சோழன் தில்லைக்குப் போனதையும், நம்பியாண்டார் நம்பி வழிகாட்ட அறையைத் திறந்தபோது ஏடுகளைக் கரையான் அரித்திருந்ததையும் நம்ம மரபு சொல்கிறது. போனது போக மிஞ்சியதைத்தான் இன்றைக்கு ஓதுகிறோம். அந்தக் கதையை ஐயா ஒவ்வொரு வருடமும் சொல்வார். கரையான் என்றால் அந்தக் காலத்துப் பூச்சி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நம்ம அலமாரியிலேயே பூஞ்சையாகவும், கீறலாகவும், "இடம் பத்தல, சுருக்கிடு" என்ற எங்கள் அவசரமாகவும் இருந்தது.

2008-இல் இரண்டு தட்டு டிவிடியை முதல் ஆளாக ஐயாவின் துணைவியார் கையில் கொடுத்தோம். ஏழாம் இரவைத்தான் முதலில் போடச் சொன்னாங்க. நாங்கள் அங்கே நிற்கவில்லை, வாசலுக்கு வந்துவிட்டோம்.

இப்போது 2008-உம் பழங்கதை ஆகிவிட்டது. உலகத்தில் கடைசியாக வீடியோ டெக் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. புது மடிக்கணினியில் தட்டு போடும் இடமே இல்லை. வீட்டில் எழுதும் டிவிடி சாயத்தில் எழுதப்படுவது. வெயிலும் சூடும் ஈரமும் அந்தச் சாயத்தைத் தின்னும். எனவே போன வருடம் இரண்டு தட்டிலிருந்தும் படத்தை எடுத்து வன்தட்டுகளில் வைத்தோம். இப்போதும் அதே விதிதான்: திரும்பச் சுருக்காமல், உள்ளதை உள்ளபடியே. ஒரு வன்தட்டு கோயில் அலுவலகத்தில், ஒன்று தலைவர் வீட்டில், ஒன்று வேறு ஊரில். யூடியூபிலும் ஏற்றியிருக்கிறோம், வெளியூர் பிள்ளைகள் பார்க்கட்டும் என்று. ஆனால் யூடியூப் ஏற்றியதைத் தன் வசதிக்கு மறுபடி சுருக்கும். அது பார்ப்பதற்கு. காப்பதற்கு அல்ல. "அதான் யூடியூப்ல இருக்கே" என்று மூலத்தை யாரும் அழித்துவிடாதீங்க.

பக்தர்களுக்கு எங்கள் வேண்டுகோள் சில.

வீட்டில் பழைய திருவிழா, தீமிதி, தைப்பூசம், சொற்பொழிவு கேசட்டோ விசிடியோ இருந்தால் தூக்கி எறியாதீங்க. பூஞ்சை பிடித்திருந்தால் டெக்கில் போட்டுப் பார்க்காதீங்க. அப்படியே கோயில் அலுவலகத்தில் கொடுங்க. பிரதி எடுத்துவிட்டு மூலத்தை உங்களிடமே திருப்பித் தருவோம்.

கடையில் மாற்றக் கொடுத்தால் ஒரு கேள்வி கேளுங்க: "படத்தைத் திரும்பச் சுருக்குவீங்களா, அப்படியே எடுத்து வைப்பீங்களா?" ஒரு தட்டில் எத்தனை மணி நேரம் போடப்போறாங்க என்றும் கேளுங்க. சூத்திரம் மேலே இருக்கிறது. நாலு மணி நேரம் அடங்காவிட்டால் இரண்டு தட்டு வாங்குங்க. தட்டு விலை ஒரு தே தாரிக் காசுகூட வராது.

விசிடி வைத்திருக்கும் பெரியவங்க, அதைத் துணியால் வட்டமாகத் துடைக்காதீங்க. நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்க.

கடைசியாக ஒன்று. பாட்டி இப்போது நம்மோடு இல்லை. அந்த ஏழாம் நம்பர் விசிடியை அவங்க திருப்பிக் கேட்கவில்லை. அது இன்னும் கோயில் அலுவலக அலமாரியில், அதே துணியில் சுற்றியபடி இருக்கிறது. கண்ணப்ப நாயனார் குருபூஜை அன்று, மதிய பூஜைக்குப் பிறகு, அந்த இரவை மண்டபத்தில் திரையிடப் போகிறோம். ஐயா பேசாமல் நின்ற அந்த ஒரு நிமிடத்தை வெட்டாமல் போடுவோம். குடும்பத்தோடு வாருங்கள்.

திருச்சிற்றம்பலம் 🙏

தொண்டில் என்றும்,
ஆலயத் தொண்டூழியர்கள்